சம்பளத்துடன் நோய் விடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் கண் விழிக்கும்போதே உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஷிஃப்டுக்குக் கிளம்ப அரை மணி நேரம்தான் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் பலர் மனதில் ஓடுவது சம்பளக் கணக்கு. இன்று போகாவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள்? நாளையும் எழுந்திருக்க முடியாவிட்டால்? சூப்பர்வைசர் என்ன சொல்வார்? மருந்தும் ஓய்வும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

பல வருடம் ஷிஃப்ட் வேலை பார்த்தவன் நான். காய்ச்சலோடு நின்று வேலை செய்திருக்கிறேன், பக்கத்தில் நின்றவருக்கும் அதை ஒட்டவைத்திருக்கிறேன். நோய் விடுப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் மற்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பு முடியாமல் போன முதல் நாளிலிருந்தே, எந்த வகைத் தொழிலாளியாக இருந்தாலும், சம்பளம் வர வேண்டும்.

நோய் விடுப்பு என்றால் சரியாக என்ன? எல்லா லீவும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பாதுகாப்புகள் இருக்கின்றன. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, வேலை போகாது என்ற உறுதி. குணமாகித் திரும்பி வரும்போது உங்கள் இடம் உங்களுக்காக இருக்கும். இரண்டாவது, விடுப்பு நாட்களுக்கும் முதலாளி தரும் சம்பளம். மூன்றாவது, நோய் நீண்டுபோகும்போது காப்பீட்டு நிதியிலிருந்து வரும் நோய்க்காலப் பணம்.

ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று இல்லாமல் போகலாம். அமெரிக்காவில் 1993இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் வரை வேலையைக் காப்பாற்றித் தருகிறது, ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. தனியார் நிறுவனங்களில், 50 பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது பொருந்தும். தனியார் துறை முழுவதற்கும் சம்பளத்துடன் நோய் விடுப்பு தரச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே இல்லை. இந்தியாவின் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் மூன்றாவது வகை. தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறது. ஜெர்மனியில் முதல் 6 வாரம் முதலாளியே முழுச் சம்பளம் தருகிறார். அதற்குப் பிறகும் குணமாகவில்லை என்றால் பொறுப்பு மருத்துவக் காப்பீட்டு நிதியின் கைக்குப் போய்விடும்.

விடுப்பு உரிமையை விரிவாக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எதை என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

பல நாடுகளில் சட்டம் இருக்கிறதே, இன்னும் எதை விரிவாக்க வேண்டும்?

சட்டம் இருக்கும் இடத்திலும் யார் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். பகுதி நேரம் வேலை பார்ப்பவர், ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர், நாலைந்து பேர் மட்டும் இருக்கும் சின்ன இடத்தில் வேலை செய்பவர், செயலியில் ஆர்டர் வாங்கி வண்டி ஓட்டுபவர். சம்பளம் குறையக் குறைய விடுப்பும் குறைகிறது. ஒரு நாள் வருமானம் போனால் தாங்கவே முடியாதவர்கள்தான் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாரச் சம்பளம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம் ஒரு பைசாகூடக் கிடையாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2025இல் அந்த வரம்பு 125 பவுண்ட். கணக்கு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படும். அதனால் இரண்டு இடங்களில் தலா 100 பவுண்டுக்குத் துப்புரவு வேலை செய்யும் ஒருவர், வாரத்துக்கு 200 பவுண்ட் சம்பாதித்தும், இரண்டு இடத்திலும் தகுதி இல்லாதவராக நிற்பார். இந்த வரம்பை நீக்கியது 2025ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம். மாற்றம் நடைமுறைக்கு வந்த மாதம் 2026 ஏப்ரல்.

காத்திருப்பு நாட்கள் என்கிறார்களே, அது என்ன?

நோய் வந்த முதல் சில நாட்களுக்குப் பணம் கிடையாது, அதன் பிறகுதான் கணக்குத் தொடங்கும் என்ற விதி. ரொம்பப் பழையது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1883இல் வந்த தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலேயே, நோய்ப்பணம் மூன்றாம் நாளிலிருந்துதான் கிடைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 102ஆம் உடன்படிக்கையும் 1969ஆம் ஆண்டு 130ஆம் உடன்படிக்கையும் மூன்று நாள் வரை இப்படி விட்டுவிட அனுமதிக்கின்றன.

இந்த விதியின் நோக்கம் சின்னச் சின்ன லீவுகளைக் குறைப்பது. ஆனால் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். ஃப்ளூ காய்ச்சல் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும், அறிகுறி வந்த முதல் மூன்று நான்கு நாட்களில்தான் மிக வேகமாகப் பரவும். அதாவது, ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டிய அதே நாட்களைப் பார்த்து, அந்த நாட்களுக்கு மட்டும் சம்பளம் இல்லை என்கிறது விதி. இதைவிடத் தலைகீழான ஏற்பாட்டை யோசிப்பது கஷ்டம்.

இன்னொரு கோளாறும் உண்டு. மூன்று நாள் சம்பளத்தை இழந்துவிட்டு வீட்டில் படுத்திருப்பவர், நான்காம் நாள் கொஞ்சம் தேறினாலும் உடனே கிளம்ப மாட்டார். பணம் வரத் தொடங்குவதே அன்றுதானே! போக வேண்டாத நாளில் வேலைக்குத் துரத்தி, போகக்கூடிய நாளில் வீட்டில் நிறுத்துகிறது.

பிரிட்டன் மேலே சொன்ன அதே சட்டத்தில் மூன்று காத்திருப்பு நாட்களையும் எடுத்துவிட்டது. ஸ்வீடனில் முதல் நாளுக்குச் சம்பளமே இல்லை என்று இருந்த விதி, 2019இல் ஒரு வாரத்துச் சராசரி நோய்ச் சம்பளத்தில் 20 சதவீதப் பிடித்தமாக மாறியது. கொஞ்சம் நியாயமான ஏற்பாடுதான், ஆனாலும் பிடித்தம் பிடித்தமே.

எத்தனை நாள் இருந்தால் போதும்?

சின்ன நோய்களுக்கு ஆண்டுக்கு 10 நாள் என்பதைப் பல நாடுகள் தொட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் முழு நேரத் தொழிலாளிக்கு 10 நாள், எடுக்காத நாட்கள் அடுத்த ஆண்டுக்குச் சேரும். நியூசிலாந்து 2021 ஜூலையில் 5 நாளை 10 ஆக்கியது. கனடாவில் கூட்டாட்சி விதிகளுக்கு உட்பட்ட வங்கி, தொலைத்தொடர்பு போன்ற தனியார் நிறுவனங்களில் 2022 டிசம்பரிலிருந்து 10 நாள். சிங்கப்பூரில் ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு 14 நாள், மருத்துவமனையில் சேரவேண்டி வந்தால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள் வரை.

பத்து நாள் சளி காய்ச்சலுக்குச் சரி. புற்றுநோய்க்கும் காசநோய்க்கும் அறுவைச் சிகிச்சைக்கும் காணாது. அங்கே காப்பீட்டு நிதி வந்தாக வேண்டும். 130ஆம் உடன்படிக்கை கேட்பது 52 வாரம் வரை, சம்பளத்தில் குறைந்தது 60 சதவீதம்.

எல்லோரும் சும்மா சும்மா லீவு போட ஆரம்பித்துவிட மாட்டார்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர்களில் முதலாளிகள் மட்டுமல்ல, சக தொழிலாளிகளும் உண்டு. ஒருவர் வராவிட்டால் அவர் வேலையும் இவர்கள் தலையில்தான் விழுகிறது, அந்த எரிச்சல் எனக்குப் புரியும்.

சரி, நடந்ததைப் பார்ப்போம். அமெரிக்க நகரங்களில் முதன்முதலாக இந்த உரிமையைச் சட்டமாக்கியது சான் பிரான்சிஸ்கோ. 2006 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் வென்று, 2007 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 5 நாள், கொஞ்சம் பெரிய நிறுவனங்களில் 9 நாள். சில ஆண்டுகள் கழித்து அங்கே தொழிலாளர்களிடம் எடுத்த ஆய்வில், ஒரு சராசரித் தொழிலாளி எடுத்தது 3 நாள்தான் என்று தெரிந்தது. கால்வாசிப் பேர் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. நோய் எப்போது வரும் என்று தெரியாது அல்லவா, அதனால் பெரும்பாலோர் அதைக் கைவசம் வைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள்.

ஏமாற்றுபவர் யாருமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தக் கூட்டத்திலும் ஓரிருவர் இருப்பார்கள், மேலாளருக்கும் அவர்கள் யாரென்று தெரிந்திருக்கும். அவர்களுக்காகக் காய்ச்சலில் நடுங்குபவரையும் வேலைக்கு வரவழைப்பது எந்த ஊர் நியாயம்?

வராதவரின் கணக்கை மட்டும் போடுகிறவர்கள், வரக்கூடாத நிலையில் வந்தவரின் கணக்கையும் போட வேண்டும். அவர் செய்யும் தவறுகள், இயந்திரத்தில் கை சிக்கும் ஆபத்து, அடுத்தடுத்து படுத்துக்கொள்ளும் நான்கு பேர். என்னால் அப்படிப் படுத்தவருக்கு அன்று ஒரு கைக்குழந்தை இருந்தது. எட்டு நாள் சம்பளம் போனது அவருக்கு.

சின்ன நிறுவனம் இந்தச் செலவை எப்படித் தாங்கும்?

நியாயமான கவலை. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் ஒரு மாதம் படுத்துவிட்டால், அவருக்கும் சம்பளம், அவருக்குப் பதிலாக வருபவருக்கும் சம்பளம் என்பது பெரிய அடிதான். ஆனால் அதற்காகச் சின்ன நிறுவனங்களுக்கு மொத்தமாக விலக்குக் கொடுத்தால், அங்கே வேலை செய்பவர்கள் நிரந்தரமாக வெளியே நிற்பார்கள்.

ஜெர்மனியின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பொதுவாக 30 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்கள் எல்லாம் ஒரு பொது நிதிக்கு மாதாமாதம் சிறு தொகை கட்டுகின்றன. யாராவது நோயில் விழுந்தால், முதலாளி கொடுத்த சம்பளத்தில் 80 சதவீதம் வரை அந்த நிதியிலிருந்து திரும்பக் கிடைக்கும். தொழிலாளிக்கு முழுச் சம்பளம், முதலாளிக்கும் தாங்கக்கூடிய சுமை. சீட்டுப் பிடிப்பது போலத்தான், ஏலம் மட்டும் கிடையாது.

அமெரிக்காவின் கனெக்டிகட் வேறு வழியில் போனது. 2011இல் சம்பளத்துடன் நோய் விடுப்பைச் சட்டமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். ஆனால் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் சில சேவைப் பணிகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்தார்கள். பிறகு 2024இல் சட்டத்தைத் திருத்தி, 2025இல் 25 பேர், 2026இல் 11 பேர், 2027இல் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் பொருந்தும் என்று படிப்படியாக இறக்கினார்கள்.

இந்த உரிமை எங்கேயாவது சும்மா கிடைத்திருக்கிறதா?

சும்மா கிடைத்ததாக எனக்குத் தெரிந்து ஓர் இடமும் இல்லை. ஒரு கதை சொல்கிறேன், இதை நினைத்தால் எனக்கு இன்றும் தெம்பு வரும்.

1950களில் மேற்கு ஜெர்மனியில் அலுவலக ஊழியர்களுக்கு நோய் வந்தால் 6 வாரம் முழுச் சம்பளம். அதே நிறுவனத்தின் பட்டறையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை செய்யும் தொழிலாளிக்கு அது இல்லை. காத்திருப்பு நாட்கள் கழிந்த பிறகு, காப்பீட்டிலிருந்து வரும் குறைந்த பணம்தான். ஒரே வாசல் வழியாக உள்ளே போகிறார்கள், ஒரே காய்ச்சல் வருகிறது, மேசை வேலைக்காரருக்கு ஒரு நியாயம், கைவேலைக்காரருக்கு வேறு நியாயம்.

1956 அக்டோபர் 24 அன்று ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் உலோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தொழிற்சங்கத்தின் பெயர் ஐஜி மெட்டால். வேலைநிறுத்தம் பரவிப் பரவி, 30,000 பேருக்கு மேல் வெளியே நின்றார்கள். கடும் குளிர், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் வேலைநிறுத்தத்திலேயே கழிந்தன. நடுவில் வந்த சமரசத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 114 நாள் நீடித்து, 1957 பிப்ரவரியில்தான் முடிந்தது. அதே ஆண்டு வந்த சட்டம் இடைவெளியை வெகுவாகக் குறைத்தது. அலுவலக ஊழியரும் தொழிலாளியும் சமம் என்று சட்டம் முழுதாகச் சொன்னது 1970 ஜனவரி 1 முதல். வேலைநிறுத்தத்தில் நின்ற பலருக்கு அதற்குள் தலை நரைத்திருக்கும்.

கிடைத்த உரிமை திரும்பப் போய்விடுமா?

போகும். அதே ஜெர்மனியில் 1996இல் நோய்க்காலச் சம்பளத்தை 80 சதவீதமாகக் குறைத்தார்கள். பெரிய போராட்டங்கள் நடந்தன. ஆட்சி மாறிய பிறகு, 1999இல் மறுபடி 100 ஆனது. அமெரிக்காவின் மிசௌரியில் 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து நோய் விடுப்பைக் கொண்டுவந்தார்கள். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மாநிலச் சட்டமன்றம் அதை நீக்கியது, ஆகஸ்ட் மாதத்தோடு முடிந்துபோனது. அயர்லாந்தில் 2023இல் 3 நாள், 2024இல் 5 நாள், பிறகு 7, 10 என்று ஏறும் என்றார்கள். 5 நாளிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கொரோனா காலத்துச் சலுகைகளின் கதையும் இதுதான். 2020 மார்ச்சில் அமெரிக்கா இரண்டு வார அவசர நோய் விடுப்புக் கொடுத்தது, அதிலும் 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. அந்தக் கட்டாயம் அந்த ஆண்டுக் கடைசியோடு காலாவதியானது.

மருத்துவச் சான்றிதழ் கேட்பதில் என்ன தப்பு?

நீண்ட நோய்க்குக் கேட்பதில் தப்பே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலுக்குக் கேட்பதுதான் பிரச்சினை. வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடப்பவர் ஒரு துண்டுக் காகிதத்துக்காக எழுந்து போய், வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் கட்டணமும் கொடுக்க வேண்டும். பல நேரம் அந்தக் கட்டணம் ஒரு நாள் கூலியை நெருங்கிவிடும். டாக்டருக்கும் அதில் செய்ய ஒன்றும் இல்லை, நோயாளி சொல்வதை எழுதிக் கொடுப்பார்.

பிரிட்டனில் முதல் 7 நாளுக்குத் தொழிலாளியின் சொல்லே போதும். ஸ்வீடனில் எட்டாம் நாளிலிருந்துதான் சான்றிதழ். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், சட்டப்படியான நோய் விடுப்புக்கு டாக்டர் சீட்டுக் கேட்பதையே 2024 அக்டோபரில் தடை செய்தது. அங்கே சட்டம் தரும் அந்த விடுப்பு ஆண்டுக்கு மூன்று நாள்தான், அதற்கும் சம்பளம் இல்லை என்பது வேறு குறை.

குழந்தைக்கோ அம்மாவுக்கோ முடியவில்லை என்றால்?

அதுவும் இதில் சேர வேண்டும். ஆஸ்திரேலியாவின் 10 நாளே சொந்த நோய்க்கும் வீட்டாரைக் கவனிப்பதற்கும் சேர்த்துத்தான். இந்த வழி இல்லாத இடங்களில் பெண்கள் தங்கள் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு எடுக்கிறார்கள். அந்த நிலைக்கு யாரையும் தள்ளக்கூடாது.

தினக்கூலிக்கும் செயலி வழி ஓட்டுபவருக்கும் இது எப்படிச் சாத்தியம்?

மணிக் கணக்கில் சேர்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர விடுப்பு சேரும். வாரத்துக்கு 15 மணி நேரம் பார்ப்பவருக்கும் அவர் அளவுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இந்த முறை பிறகு பல இடங்களுக்குப் பரவியது. சியாட்டில் நகரம் 2023இல் செயலி வழி வேலை செய்பவர்களுக்கும் சம்பளத்துடன் நோய் விடுப்பை நிரந்தரமாக்கியது.

பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்பவருக்கு இதுவும் போதாது, ஏனென்றால் எந்த இடத்திலும் மணிகள் சேர்வதற்குள் வேலை மாறிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதற்கு ஒரு முயற்சி செய்தது. 2022 மார்ச்சிலிருந்து சில துறைகளின் தற்காலிகத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 38 மணி நேரம் வரை குறைந்தபட்சக் கூலியை மாநில அரசே கொடுத்தது. திட்டம் இப்போது முடிந்துவிட்டது. ஆனால் தொழிலாளியோடு கூடவே வரும் விடுப்பு என்ற யோசனை சரியானது என்றே நினைக்கிறேன்.

லீவு இருக்கிறது, எடுக்கத்தான் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

இந்தப் பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு விதிகளில் ஒளிந்திருக்கும். மாதம் முழுக்க லீவு எடுக்காமல் வந்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் என்று ஒன்று வைப்பார்கள். ஒரு நாள் நோய் விடுப்பு எடுத்தாலும் மொத்த போனஸும் போகும். விடுப்புக்குச் சம்பளம் கொடுத்த கை, இன்னொரு பக்கம் அதைவிட அதிகமாகப் பிடுங்கிக்கொள்கிறது. வராத நாளுக்குக் கறுப்புப் புள்ளி போடும் முறையும் அப்படித்தான். அமெரிக்க ரயில் தொழிலாளர்களின் 2022 போராட்டத்தில் இந்தப் புள்ளி முறை பெரிய பிரச்சினையாக இருந்தது. அரசு தலையிட்டு ஒப்பந்தத்தைத் திணித்தது. 7 நாள் நோய் விடுப்பைச் சேர்க்கும் தீர்மானம் கீழவையில் வென்று, செனட்டில் தோற்றது. ஆனாலும் சங்கங்கள் விடவில்லை. 2023இல் பல ரயில் நிறுவனங்கள் சங்கம் சங்கமாகப் பேசிச் சில நாட்களைக் கொடுத்தன.

நோயால் தற்காலிகமாக வராமல் இருப்பது வேலைநீக்கத்துக்குத் தகுந்த காரணம் ஆகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவு இருக்கிறதா என்று சங்கத்திடமோ ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லீவு சொல்லும்போது வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுங்கள், தேதியும் நேரமும் தானாகவே பதிவாகும்.

எங்கள் இடத்தில் பேச்சை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

நாட்களின் எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அனுபவம். 8 நாளா 10 நாளா என்ற பேரத்திலேயே நேரம் போய்விடும். முதலில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: முதல் நாளுக்குச் சம்பளம் உண்டா, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பொருந்துமா, நோய் விடுப்பு நாட்கள் அட்டெண்டன்ஸ் போனஸைப் பாதிக்குமா. தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள், அதில் ஒருவராவது ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கட்டும்.

அப்புறம், மீதி விடுப்பு எத்தனை என்பதைச் சம்பளச் சீட்டிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் சம்பளச் சீட்டிலோ சம்பள நாளில் தரும் தனித்தாளிலோ அதைக் காட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. முதலாளிக்குச் செலவே இல்லாத கோரிக்கை இது, மறுக்கக் காரணம் சொல்வது கஷ்டம். அடுத்த முறை உடம்பு கொதிக்கும் காலையில், யாரிடமும் கேட்காமல் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளலாம்.